அரை இடம் யாருக்கு? ஸ்காவையும் ஹவுஸையும் கலக்கப் பழகுகிறவர்களுக்கு

தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாண வரவேற்பு. ஜமைக்காவின் ஆட்ட இசையான ஸ்காவையும் சிகாகோவின் மின்னணு ஆட்ட இசையான ஹவுஸையும் கலந்து, மூன்று மாதம் உட்கார்ந்து செய்த என் முதல் பாட்டை பென் டிரைவில் போட்டு டிஜே பையனிடம் கொடுத்திருந்தேன். வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது தேனாக இருந்தது. பந்தலில் கட்டியிருந்த பெட்டிகளில் ஓடியபோது தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி 'ச்சிக் ச்சிக் ச்சிக்' என்ற சத்தம்தான் வந்தது. கித்தார் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த பசங்கள் இரண்டு நிமிடத்தில் ஐஸ்கிரீம் மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். டிஜே என்னைப் பார்த்து, "அண்ணா, அடுத்ததுக்குப் போயிரட்டுங்களா?" என்றான்.

கோளாறு எங்கே என்று பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. ஸ்காவில் கித்தார் விழுவது தாளத்தின் அரை இடத்தில். ஹவுஸ் இசையில் திறந்த ஹை-ஹாட் (டிரம்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைத் தாளத்தட்டு) விழுவதும் அதே அரை இடத்தில். பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு இரண்டு பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. கீழே வருகிற படிகளில் பாதிக்குமேல் அந்த சீட்டைப் பற்றியவைதான்.

முதலில் கை, அப்புறம் கணினி

எந்த மென்பொருளையும் திறக்காதீர்கள். 'தக திமி' சொல்லிக்கொண்டு தொடையில் தட்டுங்கள். 'த' என்னும்போதும் 'தி' என்னும்போதும் மட்டும் தட்டு. தட்டாமல் விட்ட 'க', 'மி' இரண்டும் அரை இடங்கள். இப்போது தட்டை அப்படியே வைத்துக்கொண்டு 'க', 'மி' மட்டும் வாயால் உரக்கச் சொல்லுங்கள். தட்டு–க–தட்டு–மி. அதுதான் ஸ்கா. பாட்டுக் கச்சேரியில் அரை இடம் தள்ளி எடுப்பு வைத்த கீர்த்தனைக்குத் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. மற்றவர்களுக்கு ஓர் இரவு பிடிக்கும். ஐந்து நிமிடம் தடுமாறாமல் சொல்ல வந்த பிறகு அடுத்த படிக்கு வாருங்கள். இதைத் தாண்டிக் குதித்தவர்களின் பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். கித்தார் சரியான இடத்தில்தான் விழும், ஆனால் அது ஆடச் சொல்லாது.

அடுத்தது கேட்பது. ஸ்கா பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில், 1950-களின் கடைசியில். அங்கே சவுண்ட் சிஸ்டம் என்று சொல்லப்பட்ட பெரிய ஒலிபெருக்கிக் குழுக்கள் தெருவில் பெட்டி அடுக்கி, அமெரிக்க ரிதம் அண்டு புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டு ஆட்டம் நடத்தின. நம்மூர் ரேடியோ செட்டுக்காரர் மாதிரிதான். போட்டிக் குழுவிடம் இல்லாத தட்டு தன்னிடம் வேண்டும் என்ற வெறியில் அவர்களே உள்ளூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். காக்ஸன் டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் எல்லோரும் அப்படி வந்தவர்கள். அந்த அமெரிக்க ஷஃபிள் தாளத்தில் லேசாக இருந்த அரை இடத்து அழுத்தத்தை இவர்கள் முன்னால் இழுத்துவிட்டார்கள். 1962-இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது ஊரெங்கும் ஒலித்த இசை இதுதான். 1964-இல் சேர்ந்து அடுத்த ஆண்டே கலைந்த ஸ்கேட்டலைட்ஸ் குழுதான் அதன் உச்சம். 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது, 1968 வாக்கில் ரெகே ஆனது. 1979-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜெர்ரி டாம்மர்ஸ் தொடங்கிய டூ டோன் நிறுவனம் பங்க் இசையின் வேகத்தோடு ஸ்காவை மறுபடி எழுப்பியது. பிறகு அமெரிக்காவில் இன்னும் வேகமான மூன்றாம் அலை.

ஹவுஸ் வேறு ஊர், வேறு காலம்: 1980-களின் முற்பகுதி, சிகாகோ. ஆனால் இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான். மேடையில் நின்று வாசிப்பவரைப் பார்ப்பதற்காக அல்ல, பெட்டியிலிருந்து வரும் சத்தத்துக்கு ஆடுவதற்காகச் செய்த இசை இரண்டும். 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த ஜங்கிள் இசைக்குப் பின்னால் ஜமைக்கக் குடும்பங்கள் கொண்டுபோன சவுண்ட் சிஸ்டம் பழக்கம் நேராகவே நிற்கிறது. ஆகவே இந்தக் கலவையைச் செய்யும்போது 'சாம்பாரில் சாக்லேட்' என்று யாராவது சிரித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ஸ்கேட்டலைட்ஸ் பதிவு ஏதாவது ஒன்றை எடுத்து நான்கு முறை கேளுங்கள். ஒரு முறை கித்தார் மட்டும், ஒரு முறை பேஸ் (கீழ்ச்சுர வாத்தியம்) மட்டும், ஒரு முறை டிரம்ஸ் மட்டும். நான்காம் முறைதான் பித்தளை வாத்தியங்கள். அவைதான் முதலில் காதை இழுக்கும், அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

வேகம்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. முதல் முயற்சிக்கு 126 அல்லது 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை அட்சரம் (தட்டு), வைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸுக்கு இயல்பான வேகம். அறுபதுகளின் ஸ்காவும் இதற்குப் பக்கத்தில்தான் நடக்கிறது, அதனால் இரண்டையும் இழுக்கவோ அமுக்கவோ வேண்டாம். மூன்றாம் அலை ஸ்காவின் பரபரப்பு வேண்டும் என்றால் 172-க்குப் போய் டிரம் அண்டு பேஸ் அடியோடு சேருங்கள். அங்கே ஒரு வசதி உண்டு. அதே 172-ஐ 86 என்று எண்ணிக் கித்தாரைப் பாதி வேகத்தில் வைத்தால் ரெகே ஆகிவிடும். ஒரே பாட்டில் இரண்டுக்கும் இடையே தாவலாம். டப்ஸ்டெப்பின் 140-இலும் செய்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை, ஸ்கா நடக்கிற இசை, டப்ஸ்டெப் தள்ளாடுகிற இசை.

மென்பொருள் எது என்று கேட்பீர்கள். உங்களிடம் இருப்பது எதுவோ அது. ஒன்றுமே இல்லையென்றால் எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் முழுக்க இலவசம். ஆனால் கித்தார், டிரம்பெட் என்று பதிவு செய்யப் போகிறவர்களுக்கு 60 நாள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் ரீப்பர் சௌகரியம்.

கித்தார்: குட்டையாக, மெல்லியதாக

இந்தக் கலவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றப் படிகளில் அவசரப்பட்டாலும் இதில் நிதானமாக இருங்கள்.

கித்தார் வாசிக்கத் தெரிந்தால்: திறந்த தந்தி வரும் கார்டுகளைத் தொடாதீர்கள், அவை நிற்காமல் அதிரும். ஒரு விரலைத் தந்திகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து அழுத்தும் பார் கார்டு பிடித்து, மெல்லிய மூன்று அல்லது நான்கு தந்திகளை மட்டும் அடியுங்கள். இடது கை விரல்கள் அடிக்கிற கணத்தில் மட்டும் அழுத்த வேண்டும், அடித்தவுடன் தளர வேண்டும். தந்தியை விட்டு எழும்பக் கூடாது, தளர்ந்தால் போதும். ஈரத் துணியால் மேசையை ஒற்றி எடுப்பது மாதிரி. வலது கை மேல்வீச்சா கீழ்வீச்சா என்று பெரிய சண்டையே உண்டு. இரண்டிலும் நல்ல பதிவுகள் இருக்கின்றன, நீங்கள் சத்தத்தின் நீளத்தைப் பாருங்கள். 128 பிபிஎம்மில் ஒரு அட்சரத்தின் நேரம் 469 மில்லி செகண்டு. அதில் நாலில் ஒரு பங்கு, ஏறக்குறைய 117. கித்தார் அதைத் தாண்டி ஒலிக்கக் கூடாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வேண்டாம். ரிவர்ப் (அறையின் முழக்கம்) ஒரு துளி, அதுவும் பிறகு.

கித்தார் தெரியாதா? பியானோவோ ஆர்கனோ போதும். அறுபதுகளின் பதிவுகளிலேயே பியானோ கித்தாரோடு சேர்ந்து அரை இடத்தைக் குத்திக்கொண்டிருக்கும். மிடியில் (வாசிப்பதற்குப் பதில் சுரங்களை மென்பொருளிலேயே அடுக்கும் முறை) ஒவ்வொரு அரை இடத்திலும் மூன்று சுரக் கார்டு வையுங்கள். நீளத்தை நான்கு அட்சர ஆவர்த்தனத்தில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக வெட்டுங்கள். எல்லாக் குத்துக்கும் ஒரே அழுத்தம் வைத்தால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். இரண்டாவதையும் நான்காவதையும் கொஞ்சம் தூக்குங்கள், மற்றவற்றைத் தணியுங்கள்.

பிறகு ஈக்யூ, அதாவது ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி. 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டி எறியுங்கள். தனியாகக் கேட்டால் ஒல்லியாக, அழுதுவடிகிற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். பேஸும் கிக்கும் (டிரம்ஸின் பெரிய 'தும்' அடி) சேரும்போது அந்த ஒல்லிதான் பிழைக்கும்.

ஹை-ஹாட்டை என்ன செய்வது

இப்போது சீட்டுத் தகராறு. கிக் நான்கு அட்சரத்திலும் விழட்டும், அது இல்லாமல் ஹவுஸ் இல்லை. இரண்டாவதிலும் நான்காவதிலும் ஹவுஸில் கைத்தட்டல் ஒலி வரும். ஸ்காவிலும் டிரம்மரின் அழுத்தம் அதே இரண்டிலும் நான்கிலும்தான். ஆக அங்கே சண்டையே இல்லை. கைத்தட்டலுக்குப் பதில் ஸ்னேர் (சிறிய, கூர்மையாக ஒலிக்கும் டிரம்) விளிம்பில் குச்சியால் தட்டும் 'டொக்' ஒலியை வையுங்கள், பாதி ஸ்கா அங்கேயே வந்துவிடும்.

மிச்சம் இருப்பது திறந்த ஹை-ஹாட். நான் முயன்று பார்த்த வழிகள் மூன்று. ஒன்று, அதை எடுத்தே விடுவது. கித்தாரே ஹை-ஹாட்டின் வேலையைச் செய்யும், ஆரம்பக்காரர்களுக்கு இதுதான் நல்லது. இரண்டு, மூடிய ஹை-ஹாட்டை அட்சரத்திலும் அரையிலும் மெல்ல ஓடவிட்டு, அரை இடத்தில் அதன் ஒலியளவைக் குறைப்பது. மூன்று, முறை வைப்பது: கித்தார் வாசிக்கும் பகுதியில் ஹாட் இல்லை, கித்தார் ஓய்ந்த இடத்தில் ஹாட் வந்து உட்காரும். பாட்டு பாதியில் அது வரும்போது கூட்டத்துக்குக் காற்றோட்டம் கிடைத்த மாதிரி இருக்கும்.

நம்மூர் வாடைக்கு என்று ஹை-ஹாட் இடத்தில் செண்டை மேளத்தோடு தட்டும் இலைத்தாளத்தைப் பதிந்து வைத்துப் பார்த்தேன். வெண்கலம், லேசில் அடங்காது. அதன் அதிர்வு அடுத்த அட்சரம் வரை நீண்டு எல்லாவற்றையும் மூடியது. விளிம்பில் துணி சுற்றி அடிக்கச் சொன்ன பிறகுதான் வசப்பட்டது. செண்டையையும் அப்படித்தான், ஒற்றை அடிகளாகப் பதிந்து வைத்துக்கொண்டு தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள். சிங்காரி மேளம் முழுசையும் பின்னால் ஓடவிட்டால் அரை இடம், கால் இடம் ஒன்றும் மிஞ்சாது.

சாய்வு

ஸ்கா நூல் பிடித்தாற்போல் நடப்பதில்லை. அரை இடம் சரிபாதியில் விழாமல் கொஞ்சம் பிந்தி விழும். ஹவுஸ் பெரும்பாலும் சரிபாதியில் விழும். இரண்டையும் சேர்க்கும்போது எல்லாரும் மென்பொருளில் இருக்கும் 'ஸ்விங்' குமிழைத் திருப்புகிறார்கள், ஒன்றும் மாறவில்லை என்கிறார்கள். காரணம் எளிது. பல மென்பொருள்களில் அந்தக் குமிழ் நகர்த்துவது பதினாறில் ஒரு பங்கு சுரங்களை. ஸ்காவின் சாய்வு இருப்பதோ எட்டில் ஒரு பங்கில். குமிழின் அளவை எட்டுக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் கித்தார் டிராக் முழுவதையும் கையால் பின்னுக்குத் தள்ளுங்கள்.

எவ்வளவு தள்ள? 128-இல் சரிபாதி என்பது 234 மில்லி செகண்டில் வரும். 56 சதவீதச் சாய்வு என்றால் 262. அதாவது 28 மில்லி செகண்டு பிந்தல். முழு ஷஃபிள், மூன்றில் இரண்டு பங்கு, என்றால் 312. அது ஹவுஸ் கிக்கோடு சேரும்போது மாட்டு வண்டி ஓட்டம் வந்துவிடும். நான் 54-இல் தொடங்கி 58-க்குள் நிறுத்திக்கொள்வேன். எந்த அளவு வைத்தாலும் கித்தார், மூடிய ஹாட், ஆர்கன் எல்லாம் ஒரே அளவில் சாய வேண்டும். ஒன்று சாய்ந்து ஒன்று நிமிர்ந்து நின்றால் வாசிப்பவருக்குத் தாளம் வரவில்லை என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

எந்தச் சுருதி

இதை ஏன் நடுவில் கொண்டுவருகிறேன் என்றால், அடுத்து வரும் பேஸும் பித்தளையும் இதைப் பொறுத்தவை. கித்தார்க்காரருக்கு ஏ, ஈ பிடிக்கும். ஆனால் பார் கார்டு பிடிக்கிறவருக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான், அவரைக் கேட்க வேண்டாம். பேஸ் பெட்டிக்கு ஆதார சுருதி 43-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. சி வைத்தால் 33 ஹெர்ட்ஸ். நம்மூர்ப் பெட்டிகளில் அது காற்றாகத்தான் வரும், சத்தமாக வராது. டிரம்பெட்டும் ஆல்டோ சாக்ஸும் ஃபிளாட் பக்கத்துச் சுருதிகளில் சுலபமாக ஓடும். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் எஃப் அல்லது பி ஃபிளாட். எஃப் என்றால் 44 ஹெர்ட்ஸ், நம் கணக்கில் நாலு கட்டை. பி ஃபிளாட் என்றால் 58. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

பேஸ்

ஸ்கா பேஸ் நடந்துகொண்டே இருக்கும். அட்சரத்துக்கு ஒரு சுரம். எஃப் கார்டுக்கு எஃப், ஏ, சி, டி. அடுத்து பி ஃபிளாட் கார்டுக்கு பி ஃபிளாட், டி, எஃப், ஜி. அழகாக இருக்கும், கிக் வரும் வரை. நான்கு அட்சரத்திலும் கிக், நான்கு அட்சரத்திலும் பேஸ் என்றால் மறுபடி ஒரே சீட்டில் இருவர். இந்த முறை தரை டிக்கெட்.

செய்ய வேண்டியது: பேஸை இரண்டாகப் பிரியுங்கள். நடக்கிற வரியை ஓர் எண்மம் (ஒரு ஸ்தாயி) மேலே, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கட்டை வாத்தியம் மாதிரி ஒலிக்கும் சத்தத்தில் வையுங்கள். அதன் அடியில் சைன் அலையில் ஒரு தனி சப் பேஸ், கார்டின் ஆதார சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். சப் பேஸுக்கு மட்டும் கிக்கிலிருந்து சைடுசெயின் கொடுங்கள். கிக் விழும்போது அது குனியும், பிறகு எழும். எழ எடுக்கும் நேரத்தை 150 மில்லி செகண்டு அளவில் வைத்தால் அரை இடம் வருவதற்குள் சப் முழுசாக எழுந்து நிற்கும், அதன்மேல் கித்தார் விழும்போது கனம் தெரியும். கித்தாருக்குச் சைடுசெயின் போடாதீர்கள். கிக் விழும்போது அது அங்கே இல்லவே இல்லை, எதற்குக் குனிய வேண்டும்?

பித்தளை: மாமாவைக் கூப்பிடுங்கள்

எல்லையோரத்தில் இருப்பதன் பெரிய லாபம் இது. கோயமுத்தூர்ப் பக்கமும் பாலக்காட்டுப் பக்கமும் கல்யாணத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் பேண்டு செட் வாசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரம்பெட், சாக்ஸ், கிளாரினெட், சில செட்டுகளில் டிராம்போனும் கிடைக்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் பிளாஸ்டிக் டிரம்பெட் ஒலிக்கு இவர்களில் ஒருவர் நூறு மடங்கு மேல். கூச்சப்படாமல் கேளுங்கள், கூலியை முன்னாலேயே பேசிக் கொடுங்கள்.

நான் வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். எஃப் சுருதியில் எழுதிய வரியை அப்படியே நீட்டினேன். இரண்டு ஊது ஊதிவிட்டு, "தம்பி, உங்க பொட்டி ஒரு பக்கம் போகுது, என்ற டிரம்பெட்டு ஒரு பக்கம் போகுதுங்" என்று சிரித்தார். தப்பு என்னுடையது. பி ஃபிளாட் டிரம்பெட்டில் அவர் சி வாசித்தால் வெளியே வருவது பி ஃபிளாட். ஆகவே பாட்டு எஃப் என்றால் டிரம்பெட்டுக்கு ஜி என்று எழுத வேண்டும், ஆல்டோ சாக்ஸுக்கு டி. டிராம்போனுக்குப் பொதுவாக உள்ளதை உள்ளபடியே எழுதலாம். பி ஃபிளாட் பாட்டு என்றால் டிரம்பெட்டுக்கு சி, ஆல்டோவுக்கு ஜி. இதைத் தாளின் தலையிலேயே எழுதிக் கொண்டுபோனால் அரை நாள் மிச்சம். எழுத்து படிக்காதவர் என்றால் இன்னும் நல்லது. போனில் பாடிப் பதிந்து அனுப்புங்கள், காதால் பிடித்துக்கொள்வார்கள்.

வரி எப்படி இருக்க வேண்டும்? இரண்டு ஆவர்த்தனத்தில் முடிகிற, குளிக்கும்போது முணுமுணுக்க வருகிற வரி. நீட்டிப் பிடிக்கும் சுரங்களை அட்சரத்தின்மேல் வையுங்கள், வெட்டி விடும் சுரங்களை அரை இடத்தில் கித்தாரோடு சேர்த்து வையுங்கள். இரண்டு வாத்தியம் இருந்தால் ஒரே வரியை ஒருவர் மேலேயும் ஒருவர் ஓர் எண்மம் கீழேயும் வாசிப்பதே போதும். பெரிய இசைவுக் கணக்குகள் பிறகு.

பதிவுக்கு அறை: நெல் மூட்டை அடுக்கிய அறை இருந்தால் அதுதான் இந்தப் பக்கத்தின் சிறந்த ஸ்டூடியோ, எதிரொலியே இருக்காது. மைக்கை வாத்தியத்தின் வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து, முக்கால் மீட்டர் தள்ளி வையுங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமரத்தைப் பிடித்து ஆட்டுகிற நாட்களில் பதிவே வேண்டாம். ஜன்னல் சாத்தினாலும் ஓலைச் சத்தம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னிடம் அப்படி ஒரு பதிவு இருக்கிறது, அதை 'மழை ரீமிக்ஸ்' என்று சொல்லி ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஸ்கா பதிவிலிருந்து பித்தளைப் பகுதியை வெட்டி ஒட்டினால் என்ன என்று தோன்றும். வீட்டில் பழக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிட வேண்டும் என்றால் பதிவுக்கு உரியவரிடமும் பாட்டுக்கு உரியவரிடமும் தனித்தனியாக அனுமதி வேண்டும்.

ஏற்றம், இறக்கம்

ஹவுஸ் பாட்டில் கூட்டத்தை ஏற்றிக் கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தி விடுகிற இடம் உண்டு. அதை எங்கே கற்றுக்கொள்வது என்று இணையத்தில் தேட வேண்டியதில்லை. கேரளக் கோயில் திருவிழாக்களான 'வேலை'க்கும் பூரத்துக்கும் போய், செண்டைகள் சேர்ந்து வாசிக்கும் பஞ்சாரி மேளத்தை முழுசாக நின்று கேளுங்கள். முதல் காலத்தில் ஓர் ஆவர்த்தனம் 96 அட்சரம். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலமும் முந்தியதில் பாதியாகச் சுருங்கச் சுருங்க, நிற்கிறவர்களின் கை தானாக மேலே போகும். பஞ்சாரி ஆறு எண்ணிக்கைத் தாளம், நம் பாட்டு நான்கு. அதனால் அடிகளை எடுத்து ஒட்டாதீர்கள், சுருக்கும் கணக்கை மட்டும் எடுங்கள்.

16 ஆவர்த்தன ஏற்றம் ஒன்று: முதல் எட்டில் ஸ்னேர் அட்சரத்துக்கு ஒன்று. அடுத்த நான்கில் இரண்டு. அடுத்த இரண்டில் நான்கு. அதற்கடுத்த ஒன்றில் எட்டு. கடைசி ஒரு ஆவர்த்தனம் காலி. காலி என்றால் கிக் இல்லை, பேஸ் இல்லை, ஸ்னேர் இல்லை. கித்தார் மட்டும் அரை இடத்தில் 'ச்சக்–ச்சக்–ச்சக்–ச்சக்'. அட்சரம் எங்கே என்று ஆடுகிறவர்கள் தங்கள் காலாலேயே போட்டுக்கொள்ள வேண்டிய நிலை வரும். அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் கிக்கும் சப்பும் பித்தளையும் ஒன்றாக விழட்டும். சாதாரண ஹவுஸ் பாட்டில் இந்த இடத்துக்கு இரைச்சலும் விசிலும் போடுவார்கள். ஸ்கா கையில் இருக்கும்போது அது எதுவும் வேண்டாம்.

எதிரொலி சேர்க்க ஆசை வரும், வர வேண்டும். கிங்ஸ்டனில் கிங் டப்பி போன்ற ஒலிப்பதிவாளர்கள் கலவை மேசையையே வாத்தியமாக்கி டப் இசையை உருவாக்கியது இந்த எதிரொலியை வைத்துத்தான். ஆனால் நேரத்தைப் பாருங்கள். ஒரு முழு அட்சர எதிரொலி வைத்தால் அது அடுத்த அரை இடத்திலேயே போய் விழும். அங்கே ஏற்கெனவே கித்தார் இருப்பதால் கேட்கவே கேட்காது, சத்தம் மட்டும் குழம்பும். முக்கால் அட்சரம் வையுங்கள், 128-இல் 352 மில்லி செகண்டு. அப்போது எதிரொலி அட்சரத்திலும் விழாமல் அரையிலும் விழாமல் காலி இடத்தில் வந்து சிணுங்கும். எல்லாக் குத்துக்கும் வேண்டாம், நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒரு குத்துக்குப் போட்டால் போதும்.

கலவையும் சோதனையும்

கிக்கையும் கித்தாரையும் மட்டும் முதலில் ஓடவிட்டு ஒலியளவு சரிசெய்யுங்கள். இரண்டும் சேர்ந்து ஆட வைத்தால்தான் மூன்றாவதைத் திறக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ (இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலி). பிறகு முழுப் பாட்டையும் மோனோவில் கேளுங்கள். பந்தல்களில் பெரும்பாலும் மோனோவில்தான் ஓடுகிறது. இரண்டு பக்கமும் விரித்து வைத்த கித்தார் மோனோவில் கரைந்து போகலாம், என் முதல் பாட்டின் இரண்டாவது குற்றம் அது. போனில், காரில், முடிந்தால் தெரிந்த ரேடியோ செட்டுக்காரரின் பெட்டியில் பகல் நேரத்தில் ஐந்து நிமிடம்.

மேடையில் கித்தாரை நேரடியாக வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். பெட்டியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குக் கிக் 29 மில்லி செகண்டு பிந்தி வந்து சேரும். மேலே பார்த்த 56 சதவீதச் சாய்வின் அளவுதான் அது. அதைக் கேட்டு வாசித்தால் நீங்கள் பாடுபட்டு அமைத்த சாய்வு இரண்டு மடங்காகிவிடும். காதுக்குப் பக்கத்தில் ஒரு மானிட்டரோ இயர்போனோ இல்லாமல் மேடை ஏறாதீர்கள். ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் கணினியின் பஃபர் 128 சாம்பிளில், 48 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் அது சேர்க்கும் பிந்தல் ஒரு வழிக்கு மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். உங்கள் பாட்டு ஒன்பதரைக்குள் வருகிற மாதிரி வரிசையில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஜேயிடம் கொடுக்கும் கோப்பில் முன்னாலும் பின்னாலும் 32 ஆவர்த்தனம் கிக்கும் 'டொக்'கும் மட்டும் விட்டு வையுங்கள், அவருக்கு அடுத்த பாட்டோடு கோக்க இடம் வேண்டும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகக் கொடுங்கள். பெயரில் வேகத்தையும் சுருதியையும் எழுதுங்கள். நான் இப்போது '128 எஃப், ஹாட் இல்லை' என்று எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கல்யாண டிஜே பையன் முதலில் கேட்டான், "ஹாட்டு இல்லைன்னா எப்படிங்ணா ஆடுவாங்க?" போட்டுப் பார்க்கச் சொன்னேன். போன மாதம் கொல்லங்கோட்டில் ஒரு வரவேற்பில் போட்டிருக்கிறான். இரவு போன் செய்து, அந்தக் காலி ஆவர்த்தனத்தை இரண்டாக நீட்டித் தர முடியுமா என்று கேட்டான்.